ஒளியின் போதனையும் கிறிஸ்து பிறப்பு விழாவும்

கிறிஸ்துவை உலகின் ஒளியாகக் காட்டும் யோவான் நற்செய்தி, கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சத்தைக் கருதவில்லை. இறைவனை அறியச் செய்து, அவ்வறிவின்படி வாழும் ஆற்றலையும் அளிக்கும் அருளையே அது ஒளி என்கிறது. இதனாலேயே தொடக்கத் திருச்சபை, நீரினால் வழங்கப்படும் திருமுழுக்கை 'ஒளிபெறுதல்' என்றும் அழைத்தது.

இவ்வொளியின் வருகையைக் கொண்டாடும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நற்செய்திகள் நாள் எதையும் குறிக்கவில்லை; கி.பி. 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாட்காட்டித் தொகுப்பு டிசம்பர் 25-ஐக் குறிக்கிறது. பேரரசர் அவுரேலியன் 274-இல் 'வெல்லப்படாத சூரியன்' எனும் தெய்வத்திற்குக் கோயில் எழுப்பியதையும், அதே தொகுப்பு அந்நாளில் அத்தெய்வத்தின் விழாவையும் குறிப்பதையும் கொண்டு, கிறிஸ்தவர் அதற்கு மாற்றாகவே இவ்விழாவை அமைத்தனர் என்பர் ஒரு சாரார். இயேசு கருவுற்றதும் சிலுவையில் உயிர்நீத்ததும் மார்ச் 25-இல் எனக் கொண்ட பழைய கணக்கோடு ஒன்பது மாதங்களைக் கூட்டிப் பெற்ற நாளே இது என்பர் மறுசாரார்.

இவ்விரண்டில் எது சரியாயினும், விழாவின் பொருளை நாள் தீர்மானிப்பதில்லை. உரோமைப் பேதுரு ஆலயப் படிகளில் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கிய கிறிஸ்தவர்களை 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ கண்டித்ததற்குக் காரணம், படைக்கப்பட்ட ஒளியைப் படைத்தவராகக் கொள்ளலாகாது என்னும் உறுதியே. அந்த வேறுபாட்டைக் காப்பதில்தான் கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டின் உண்மை நிலைபெறுகிறது.