மறைக்கப்படும் காயம் யார் ஹக்கு?

செய்யாற்றங்கரை மாகறலைப் போன்ற காஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில், தறியை விட்டுக் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் பலர். பாலம், பள்ளிக்கூடம் என்று சர்க்கார் செலவில் எழும்பும் வேலைகளில் அவர்களும் சாரம் ஏறுகிறார்கள். மேஸ்திரிகளிலும் காண்ட்ராக்டர்களிலும் நம்மவர்கள் உண்டு. ஆகவே இது நம் வீட்டுக் கேள்விதான்.

சாரப் பலகை புரண்டு வாலிபர் ஒருவர் விழுகிறார். கை முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி கல்நெஞ்சர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறார்; பதினைந்து நாள் கூலியும் கொடுக்கிறார். "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு தம்பி, மேலே தெரிந்தால் வேலை நின்றுவிடும்" என்கிறார். அடிபட்டவரும் சம்மதிக்கிறார். 'நஸீபு' என்று பேச்சு முடிகிறது. இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட சமாதானத்தில் என்ன தவறு?

இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. சமாதானம் மார்க்கம் விரும்புவதே. தம் ஹக்கை மன்னிக்க அடிபட்டவருக்கு உரிமையுண்டு. ஆனால் ஹக்குல் இபாதில் ஒருவர் ஹக்கை மற்றொருவர் மன்னிக்க இயலாதே! புரண்ட பலகை அங்கேயேதான் கிடக்கிறது. நாளை அதன்மேல் கால் வைக்கப் போகிறவர் எதையும் மன்னிக்கவில்லை; அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. அந்தப் பதினைந்து நாள் கூலியில் அவர் பங்கு எங்கே?

நஸீபின் மேல் பாரத்தைப் போடுவதும் சரியன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பிள்ளைகளும் அறிவர். சாரத்தின் முடிச்சுக்கும் அது பொருந்தும்.

சட்டமும் இதைச் சிறு விஷயமாக எண்ணவில்லை. கட்டிடத் தொழிலாளர்க்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1998 மத்திய விதிகள், உயிரிழப்பை மட்டுமன்றி, 48 மணி நேரம் வேலை செய்ய முடியாதபடி ஆக்கும் காயத்தையும் தெரிவிக்கச் சொல்லின. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பிலும் இக்கடமை உண்டு. முறிந்த கை அதில் அடங்காதா? பின்னாளில் அந்தக் கை கூடாமற்போய் நஷ்டஈடு கேட்கும்போது, 'வீட்டில் விழுந்தவர்' என்ற ஆஸ்பத்திரிச் சீட்டே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். பொய்ச் சாட்சியை எவ்வளவு பெரிய பாவமென்று பயான்களில் கேட்கிறோம்! அச்சீட்டும் ஒரு சாட்சிதானே.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். பிழைப்புக்காக அஸ்ஸாம் வரையிருந்து வந்தவர்கள். அதை நாடே அறிந்தது. ஒன்பது ஜனாஸாக்களை மறைக்க முடியாது. ஒரு கை முறிவை மறைத்துவிடலாம். அதனால்தான் நாம் கை முறிவைப் பற்றிப் பேசுகிறோம்.

மேஸ்திரியை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று வாசலில் எண்ணை எழுதி வைத்து, அந்த எண்ணுக்கே பாராட்டும் கொடுத்தால், எண் கூடக் கூட வாய்களும் மூடிக்கொள்ளும். உள்ளதைச் சொன்னவனின் பில்லை நிறுத்திவைக்கும் அதிகாரிக்கும் இந்தப் பொய்யில் பங்குண்டு.

ஜும்ஆவுக்குக் கட்டுப்போட்ட கையுடன் வரும் வாலிபரிடம், "எங்கே விழுந்தீர்கள்?" என்று நாம் கேட்கலாம். வேலையிடத்தில் என்றால், நாளும் நேரமும் பார்த்தவர் பெயரும் அன்றைக்கே எழுதிவைக்க உதவலாம். படித்த பிள்ளைகள் மஹல்லாதோறும் இருக்கிறார்களே.