நகைப்புக்குரியவர் எவர்?

தரையில் கால் இடறி விழுபவரைக் கண்டால் ஓடிச் சென்று தூக்குகிறோம். ஒரு காலைத் துறையிலும் மறு காலைத் தோணியிலும் வைத்துத் தத்தளித்து, இரண்டுக்கும் இடையே தொப்பென்று நீரில் விழுபவரைக் கண்டாலோ, முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் கை கொடுக்கிறோம். நீரின் மேல் நேரும் தொல்லைக்கு மட்டும் இத்தனை நகைப்பு ஏன்?

தரையில் மனிதன் தன் தகுதியைத் தலைப்பாகையைப் போல் சுமந்து நடக்கலாம். படகில் அது செல்லாது. அலை எழும்போது கோடீசுவரரும் கூலியாளும் ஒரே கம்பியைப் பற்றிக்கொண்டு ஒரே விதமாக வாந்தி எடுக்கின்றனர். கடல் எவருக்கும் எழுந்து நின்று மரியாதை செய்வதில்லை. இந்த உண்மை திடீரென வெளிப்படும்போது சிரிப்பு பிறக்கிறது. ஆதலால் கடலைச் சார்ந்த நகைச்சுவையில் ஒருவகை நீதி உண்டு என்று கருத இடமுண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு எவர்மீது விழுகிறது என்று பார்த்த பிறகே அதை நீதி என ஒப்புக்கொள்ள வேண்டும்.

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் தம் மஸ்னவியில் ஒரு நஹ்வு வல்லுநரைப் பற்றிக் கூறுகிறார்கள். அரபு இலக்கணத்தில் கரை கண்ட அவர் ஒரு படகில் ஏறினார். “நஹ்வு கற்றிருக்கிறாயா?” என்று படகோட்டியிடம் வினவினார். இல்லை என்றான் அவன். அப்படியானால் உன் வாழ்நாளில் பாதி வீண் என்றார் வல்லுநர். மனம் நொந்த படகோட்டி அப்போது மறுமொழி கூறவில்லை. பின்னர் காற்றுச் சுழன்று படகு தத்தளித்தபோது, “ஐயா, நீந்தத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது என்றார். அப்படியானால் உங்கள் வாழ்நாள் முழுவதுமே வீண் என்றான். நஹ்வுக் கிதாபுகளோடு பல்லாண்டு போராடியவர்களே இக்கதையை மிகவும் விரும்பிச் சொல்வர். இங்கே ஏளனம் முதலில் மேலிருந்து கீழே பாய்ந்தது. நீர் அதைத் திருப்பிவிட்டது. கேட்பவர் எவருக்கும் இதில் மனக்குறை எழுவதில்லை.

கதையில் நடப்பது உலகிலும் நடக்கிறதா? சுவீடன் நாட்டு வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அந்நாட்டு மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், 64 பீரங்கிகள் தாங்கும் ‘வாசா’ என்னும் போர்க்கப்பலைக் கட்டுவித்தார். கப்பல் புறப்படுமுன் அதன் நிலைப்பைச் சோதிக்க விரும்பிய அதன் தலைவர், முப்பது பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடச் செய்தார். அவர்கள் ஓட ஓடக் கப்பல் தொட்டில் போல் ஆடியது. மூன்று முறை ஓடியதும், உடனிருந்த கடற்படைத் துணைத் தளபதி ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். இன்னும் ஓடினால் கப்பல் துறைமுகத்திலேயே கவிழ்ந்துவிடும் என்ற அச்சமே காரணம். ஓட்டத்தை நிறுத்தினார்களேயன்றிப் பயணத்தை நிறுத்தவில்லை. மன்னர் அப்போது நாட்டில் இல்லை, போர்க்களத்தில் இருந்தார். கப்பல் விரைந்து வர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1628 ஆகஸ்டு 10ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகர மக்கள் கரையில் திரண்டு நிற்க, வாசா பாய் விரித்தது. சுமார் 1,300 மீட்டர் தூரம் சென்றதும் ஒரு காற்று வீசியது. கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகளின் வழியே நீர் புகுந்தது, முதற் பயணத்திலேயே, வழியனுப்ப வந்தவர்களின் கண்ணெதிரே அது மூழ்கிற்று. ஏறத்தாழ முப்பது உயிர்கள் போயின.

அடுத்து நடந்த விசாரணைதான் நம் வினாவுக்கு நேரானது. மாலுமிகள் குடித்திருந்தார்களா, பீரங்கிகளைச் சரியாகக் கட்டவில்லையா என்று முதலில் கேட்டார்கள். ஐயம் இயல்பாகவே கீழ்த்தளத்தை நோக்கிச் சென்றது. மாலுமிகள் தெளிவுடன் இருந்தனர், பீரங்கிகள் சரியாகவே கட்டப்பட்டிருந்தன என்று பதில் வந்தது. கப்பல் கட்டியவர்களோ, மன்னர் ஒப்புதல் தந்த அளவுப்படியே கட்டினோம் என்றனர். தலைமைத் தச்சர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பின் ஏன் கவிழ்ந்தது என்ற வினாவுக்கு, கட்டுமானப் பொறுப்பேற்றிருந்த ஒருவர், “இறைவனுக்கே தெரியும்” என்ற பொருள்பட விடையளித்தார். எவரும் தண்டிக்கப்படவில்லை. 1961இல் மேலே கொண்டுவரப்பட்ட அக்கப்பல் இன்று ஸ்டாக்ஹோமில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

நம் உலமாக்களும் தீர்ப்பின் இறுதியில் “அல்லாஹு அஃலம்” என எழுதுவர். ஆதாரங்களைத் தேடி, எடைபோட்டு, தமக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்த பிறகு எழுதும் அடக்கச் சொல் அது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு அச்சொல்லைத் திரையாக்குவது அடக்கம் ஆகாது. இறைவன் பெயரால் தன்னை மறைத்துக்கொள்வதேயாகும். ஸ்டாக்ஹோமில் இறைவன் மட்டுமா அறிந்திருந்தான்? மூன்று முறை ஓடிய அந்த முப்பது பேரும் அறிந்திருந்தார்கள். ஓட்டத்தை நிறுத்தியவரும் அறிந்திருந்தார்.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்று இடனறிதலுக்கு உவமை கூறினார் வள்ளுவர். 2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயின் கரையிலே முட்டிக் குறுக்கே நின்றுவிட்டது. ஆறு நாட்கள் உலக வாணிகத்தின் ஒரு பெருவழி அடைபட்டது. ஆனால் உலகம் எதைப் பார்த்துச் சிரித்தது? மலை போன்ற கப்பலின் முகப்பில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு சிறு மண்வாரி இயந்திரத்தைப் பார்த்துத்தான். அதை இயக்கியவரோ, சரியான உறக்கமுமின்றி, தம்மால் இயன்றதை விடாது செய்துகொண்டிருந்த உழைப்பாளி. அங்கே நகைப்புக்கு இடமில்லாதவர் ஒருவர் உண்டென்றால் அவர்தாம். இத்தனை பெரிய கலத்தை இத்தனை குறுகிய வாய்க்காலில் செலுத்தும் பேராசையைப் பார்த்து நமக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் உள்ளது. கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைக்கின்றன. கீழே இருப்போர் தண்ணீருக்காக மேலே உள்ளவர்களைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ளலாமே என்கின்றனர். கேட்டதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்களின் நோக்கத்தைக் கவனியுங்கள்: பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதே அது. பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்களது அறியாமையை நகையாடவில்லை. மேலே இருப்போர் தடுக்காமல் விட்டுவிட்டால் அனைவரும் அழிவர், தடுத்தால் அனைவரும் தப்புவர் என்று பொறுப்பை மேல்தளத்தின் மீதும் வைத்தார்கள்.

இன்னொன்றையும் அந்த நபிமொழி சொல்கிறது. மேல்தளமும் கீழ்த்தளமும் அவர்களுக்குக் கிடைத்தது சீட்டுக் குலுக்கியதில். மேலே இருப்பதற்கு எவரும் தனித் தகுதி எதுவும் பெற்றிருக்கவில்லை. ஆகவே துளையிடுபவனைக் கண்டு சிரிப்பவர், சிரிப்பதற்கு முன் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தண்ணீருக்காக அவன் மேலே வந்தபோது நாம் முகம் சுளித்தோமா? உளியின் ஓசை கேட்டபோது எழுந்து சென்றோமா?