முஸாபிரின் கணக்கு

2011ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு என்னை இரவு பஸ்ஸில் அனுப்பினார்கள். நான் வேலை செய்த நிறுவனத்துக்கு அங்கே கடற்கரையோரமாக, குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. வருடத்தில் மூன்று மாதங்கள்தான் அவை நிரம்பும். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, பெட்டி தூக்குவது, சேற்றுக் காலோடு வரும் பிள்ளைகளின் பின்னால் துணியோடு திரிவது, இவைதான் வேலை. ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் வெறும் பொட்டல் நிலம். துமறைத் கடந்து மலையிறங்கத் தொடங்கியதும் பஸ்ஸின் கண்ணாடியில் மூடுபனி அப்பிக்கொண்டது. வெளியே பசுமை. எனக்குப் பக்கத்திலிருந்த வங்காளி, ஊருக்கு வந்துவிட்டேனோ என்று சிரித்தான்.

அந்தப் பருவத்தை அங்கே கரீப் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் குளிர்ந்த நீர்ப்பரப்பைத் தடவி வந்து தோபார் மலைகளில் மோதி, ஜூன் இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை தூறலாகவும் பனியாகவும் இறங்குகிறது. துபாயும் ரியாதும் நாற்பது பாகைக்கு மேல் கொதிக்கும்போது சலாலாவில் இருபத்தைந்துதான். வளைகுடா முழுவதிலுமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடற்கரைப் பட்டினத்துக்கு வந்தும் கடலில் இறங்க முடியாது. அந்த மாதங்களில் கடல் அவ்வளவு மூர்க்கம். அதைப் பற்றி யாருக்கும் கவலையுமில்லை. புல்லில் விரிப்பைப் போட்டு, தூறலில் நனைந்தபடி இறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். குடை பிடிக்கமாட்டார்கள். நனைவதற்காகத்தானே காசு கொடுத்து வந்தது!

அதே காற்றுத்தான் நம் நாட்டிலும் வீசுகிறது. மழையையெல்லாம் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வெறும் அனலாக வன்னிக்கு வருகிறது. கச்சான் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஜூலையில் வாப்பாவோடு தொலைபேசியில் பேசினேன். "கச்சான் கொளுத்துது மகன். கிணத்தில தண்ணி அடியில கிடக்கு" என்றார். பூவரசங்குளத்துக் காணியைத்தான் சொன்னார். வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வீதியில் உள்ள எங்கள் ஊர். அங்கே இருபது வருடம் மூடிக்கிடந்த கிணற்றை அப்போதுதான் இறைத்துத் துப்புரவாக்கியிருந்தார். வீடு கட்டும் காசுக்காகத்தான் நான் சலாலாவில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் நோன்பு வந்தது. விருந்தினர் சடுதியாகக் குறைந்தார்கள். இனிப் பெருநாளைக்குத்தான் வருவார்கள். ஒருநாள் ளுஹருக்குத் தாமதித்துவிட்டேன். கீழ்த்தளத் தொழுகை அறையில் எங்கள் வரவேற்பாளர், நிஸ்வாவைச் சேர்ந்த பெரியவர், தனியாகத் தொழ ஆரம்பித்திருந்தார். அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டார். நான் எழுந்து மீதி இரண்டையும் முடித்தேன்.

அவர் சலாலாவில் 11 வருடமாக வேலை செய்கிறவர். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். ஏன் இன்னும் கஸ்ர் என்று கேட்டேன். சலாலாக்காரர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஷாபிஈகள், அவர் இபாழி. ஓரிடத்தைத் தன் வத்தனாக, அதாவது தாயகமாக, ஏற்றுக்கொள்ளாதவரை எத்தனை வருடம் தங்கினாலும் அவன் முஸாபிர்தான், சுருக்கித்தான் தொழவேண்டும் என்பது அவர்களது சட்டம். "இங்கே எனக்கு வேலை இருக்கிறது. ஊர் நிஸ்வா" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உன் வத்தன் எது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறந்தது பூவரசங்குளம், வளர்ந்தது புத்தளம். சம்பளம் மஸ்கட்டில், படுக்கை அன்றைக்குச் சலாலாவில்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. வெளியேறியோர் தொகை சுமார் 75,000 என்பார்கள். நாங்கள் புத்தளத்தில் ஒரு தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டிலில் வந்து விழுந்தோம். "ரெண்டு கிழமையில போயிரலாம்" என்று வாப்பா எல்லோருக்கும் சொன்னார். அவர் ஓதிய மனிதர். ஓரிடத்தில் நான்கு நாள் தங்குவதாக நிய்யத் வைத்தால் ஷாபிஈ சட்டப்படி பயணம் முடிந்துவிடும். ஆனால் காரியம் இன்று முடியும், நாளை முடியும் என்று காத்திருப்பவருக்கு 18 நாள்வரை சலுகையுண்டு. வாப்பா அந்தப் பதினெட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கொட்டில் கப்பில் கரியால் ஒரு கோடு. பத்தொன்பதாம் நாள் ளுஹரை நான்காகத் தொழுதார். ஊரைவிட்டு வந்த அன்று உம்மா அழவில்லை, அன்றுதான் அழுதா.

இரண்டு சட்டங்களில் எது மனிதனுக்குக் கிட்டியது என்ற கேள்வி அந்தக் கோடை முழுதும் என்னை விடவில்லை. மத்ஹபுகளைத் தராசில் வைப்பதற்கு நான் ஆலிமல்ல. நிஸ்வாக்காரரின் சட்டம் எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. நாட்களின் எண்ணிக்கையால் ஒருவனின் ஊரைப் பறிக்க முடியாது என்கிறதே அது! ஆனால் பதினொரு வருடமும் பெட்டியைக் கட்டியே வைத்திருக்கும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். புத்தளத்தில் காணித்துண்டு ஒன்றை வாங்கிய பிறகும் வாப்பா அதில் ஒரு தென்னம்பிள்ளை வைக்கவில்லை. கத்தரி, மிளகாய், மிஞ்சினால் முருங்கை. உடனே காய்க்கிறவை மட்டும்.

ஆனாலும் அதே வாப்பாதான் அந்த மஹல்லாவில் ஜனாஸாக் குழுவுக்கு இருபது வருடம் ஓடித்திரிந்தார். பொதுக்கிணறு வெட்டியபோது முதலில் இறங்கியதும் அவர்தான். கடமையில் அவர் முழு முகீம். நான்கு ரக்அத் மனிதர். உரிமையில் மட்டும் திரும்பிப் போகிறவராக நின்றார். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தொழுகையைச் சுருக்குவது பயணிக்கு அல்லாஹ் தந்த சலுகை. சலுகை முடிந்ததென்றால் சலுகை முடிந்தது, அவ்வளவுதான். ஊர் முடிந்துவிட்டது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

ஆனால் 2009இன் பின்னர் எங்களை அப்படித்தான் கேட்டார்கள். பதிவு எங்கே, வாக்கு எங்கே, ஒன்றைச் சொல்லுங்கள். புத்தளத்தில், "உங்கட ஊர்தான் திறந்தாச்சே" என்றார்கள். எங்கள் பசிக்குத் தங்கள் அடுப்பிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் அவர்கள். பாடசாலைக் கதிரையையும் குடிநீரையும் இருபது வருடம் பங்குபோட்டவர்களின் களைப்பு அது. நான் குறை சொல்லமாட்டேன். ஊரில், "இவ்வளவு காலமும் எங்க இருந்தீங்க?" என்றார்கள். அதையும் சும்மா தள்ளிவிட முடியாது. எங்கள் பக்கத்துச் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில், முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்த இலட்சக்கணக்கான தமிழர்கள் 2009இல் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து போனது 2012இல்தான். கொட்டிலில் நாள் எண்ணுவது எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. இருந்தும் இரண்டு கேள்விகளிலும் ஒரே பிழை இருக்கிறது. ஓரிடத்தில் கடமையோடு வாழ்ந்தவன் மற்ற இடத்தைக் கைவிட்டான் என்று அவை எடுத்துக்கொள்கின்றன.

இப்னு பதூதாவை நினைத்துக்கொள்வேன். சலாலாவின் பழைய பட்டினமான ளபாரையும் பார்த்தவர், 1344இல் புத்தளத்திலும் வந்திறங்கியவர். ளபாரின் தென்னையையும் வெற்றிலையையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போக ஆளும் பல்லக்கும் கொடுத்தனுப்பினார். அவரிடம் யாரும் பதிவு எங்கே என்று கேட்கவில்லை. மன்னரின் விருந்தாளிக்கும் கொட்டிலில் விழுந்தவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

என் விருந்தினர்களிடமும் ஒன்றைக் கண்டேன். வந்த அன்றே திரும்பும் திகதியைச் சொல்லிவிடுவார்கள். மழையில் அவ்வளவு கவலையற்று அவர்களால் நனைய முடிந்தது அதனால்தான் என்று எனக்குப் பட்டது. திகதி தெரியாதவனுக்குத் தூறல் என்பது கிடுகு ஒழுகும் சத்தம்.

செப்டெம்பர் நடுவில் பனி விலகியது. பெட்டிகளை இறக்கினோம், அறைகளைப் பூட்டினோம். நிஸ்வாக்காரர் எனக்கு ஒரு பொட்டலம் சாம்பிராணி தந்தார். வத்தனைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வருடம் விடுமுறையில் வாப்பாவோடு பூவரசங்குளம் போனேன். அத்திவாரம் போட்டிருந்தது, சுவர் எழும்பவில்லை. சுற்றிலும் வெட்டிய பற்றைகள் காய்ந்து கிடந்தன. கிணற்றில் வுளூச் செய்து, அத்திவாரத்துக்குள்ளேயே பாயை விரித்து வாப்பா ளுஹருக்குத் தக்பீர் கட்டினார். நான் பின்னால் நின்றேன். இரண்டு நாள்தான் தங்குவதாக வந்திருந்தோம், அதில் ஒரு நாள் முடிந்துமிருந்தது. ஆகவே இரண்டாவது ரக்அத்தின் இருப்பில் ஸலாமை எதிர்பார்த்திருந்தேன். வாப்பா மூன்றாவதுக்கு எழுந்தார். நானும் எழுந்தேன்.

மறுநாள் காலை புத்தளம் பஸ் பிடித்தோம்.