உஸ்தாதின் பங்கும் மாணவரின் பெயரும்

மாணவர் ஒருவர், ஆசிரியரின் கூடத்தில், ஆசிரியர் கற்பித்த முறையில், கல்விச்சாலை வாங்கித் தந்த கருவிகளைக் கொண்டு புதியதொன்றைக் காண்கிறார். அதனால் பொருள் வருகிறது. அப்பொருள் எவருக்கு உரியது? கண்டவருக்கா, வழி காட்டியவருக்கா, இடம் தந்தவருக்கா? கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்வினா, பணம் நடுவில் வந்து அமர்ந்தவுடன் எளிமையை இழந்துவிடுகிறது. ஆகவே ஊகத்தில் நின்று வாதிடாமல், நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் மண் நுண்ணுயிர்களை ஆராயும் பேராசிரியராக இருந்தார். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்றவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், வயது 23, மாதம் 40 டாலர் உதவித்தொகை. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை அடக்கும் பொருள் மண்ணுயிர்களில் உண்டா என்பதே தேட்டம். காசநோய்க் கிருமியோடு பழகவேண்டிய பணி அது. ஆய்வுக் கட்டடத்தின் நிலவறையிலே இரவு பகலாக அவர் அதைச் செய்தார். எருவிட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று என ஒரே இனத்து நுண்ணுயிர் இருவகை அவருக்குக் கிடைத்தன. அக்டோபர் 19ஆம் நாள், தாம் தேடியது கைக்கு வந்ததை அவர் அறிந்தார். க்ஷயரோகத்தை வென்ற முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்த கதை இது. 1944 ஜனவரியில் வெளிவந்த முதற் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன: ஷாட்ஸ், எலிசபெத் பூகி என்னும் மாணவி, இறுதியாக வாக்ஸ்மன்.

இதுவரை குறையொன்றுமில்லை. அடுத்து நடந்ததிலும் வாக்ஸ்மனைப் பாராட்டவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1939இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அவருடைய கூடத்தில் விளைவதன் உரிமை மெர்க் என்னும் மருந்து நிறுவனத்தைச் சாரவேண்டியிருந்தது. இத்தகைய மருந்து ஒருவர் கையில் முடங்கலாகாது என்று அவர் வேண்ட, அந்நிறுவனமும் இணங்கி விட்டுக்கொடுத்தது. ரட்கர்ஸ் அறக்கட்டளை காப்புரிமையைத் தன்வசம் வைத்துக்கொண்டு, பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. நோயாளிகளின் பக்கம் நின்று நோக்கினால் இது பெரிய நன்மை. காப்புரிமையே கூடாது, அறிவெல்லாம் பொதுச்சொத்து என்று வாதிடும் அன்பர்கள் இவ்விடத்தைக் கவனிக்கவேண்டும். உரிமை ஓர் அறநிலையத்தின் கையில் இருந்ததனாலேதான் அதைப் பலருக்குப் பகிர முடிந்தது.

பழுது வேறோர் இடத்தில் நேர்ந்தது. 1948இல் கிடைத்த காப்புரிமையில் ஆசிரியர், மாணவர் இருவருடைய பெயரும் இருந்தன. இருவரும் தத்தம் உரிமையை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தனர்; ஷாட்ஸ் பெற்றது 1 டாலர். எவரும் இலாபம் பெறவில்லை, எல்லாம் கல்விக்கே என்று எண்ணி அவர் ஒப்பமிட்டார். ஆனால் வாக்ஸ்மனுக்கும் அறக்கட்டளைக்கும் இடையே தனி ஏற்பாடு ஒன்று இருந்தது. ராயல்டியில் 20 விழுக்காடு அவருக்குச் சென்றுகொண்டிருந்தது. இடையிடையே ஆசிரியர் மாணவருக்கு 500 டாலர் காசோலை அனுப்புவார். எதற்கென்று தெளிவாகச் சொல்லமாட்டார். 1950இல் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்த பின்னரே, வாக்ஸ்மன் ஏறத்தாழ 3,50,000 டாலர் பெற்றிருந்தது ஊரறிய வெளிப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஷாட்ஸ் உடன்கண்டுபிடிப்பாளர் என ஏற்கப்பட்டார். 80 விழுக்காடு அறக்கட்டளைக்கு நின்றது. எஞ்சியதில் ஆசிரியருக்கு 10, ஷாட்ஸுக்கு 3, கூடத்தில் உழைத்த ஏனையோர் அனைவருக்குமாக 7. எலிசபெத் பூகிக்கு வந்தது 0.2. நாளை மணமுடித்துக் குடும்பம் நடத்தப்போகும் பெண்ணுக்குக் காப்புரிமையில் பெயர் எதற்கு என்று அவரிடம் சொல்லப்பட்டதாக அவருடைய மகள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது. ஆசிரியர் மீது வழக்காடியவர் என்ற பெயர் பெற்ற ஷாட்ஸுக்குப் பெரிய ஆய்வுக்கூடங்கள் கதவைத் திறக்கவில்லை. ரட்கர்ஸ் தன் பதக்கத்தை அவருக்கு அணிவித்தது 1994இல். அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'தத்லீஸ்' என்னும் சொல் இரண்டு பாடங்களில் வரும். வாணிப இயலில், விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைப்பது தத்லீஸ். ஹதீஸ் கலையில், தாம் யாரிடமிருந்து செய்தியைக் கேட்டாரோ அவருடைய பெயரை விழுங்கிவிட்டு, மேலே உள்ள பெரியவரிடமிருந்தே நேரே பெற்றதுபோல் தோன்றச் செய்வதும் தத்லீஸ். சந்தைக் குற்றத்துக்கும் கல்விக் குற்றத்துக்கும் அரபு மொழியினர் ஏன் ஒரே சொல்லை வைத்தனர் என்று மாணவப் பருவத்தில் நான் வியந்ததுண்டு. வாக்ஸ்மனுடைய வரலாற்றைப் படித்தபோது அவ்வியப்பு நீங்கியது. பணத்தை மறைத்தவரே, மருந்தின் கதையைச் சொல்லும் போதெல்லாம் மாணவர் பெயரையும் மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார்.

தேடும் முறையை வகுத்தவர் வாக்ஸ்மன்தானே, அந்த மேசையில் எந்த மாணவர் அமர்ந்திருந்தாலும் கண்டிருப்பாரே என்று சிலர் கேட்பர். பொய்யான வாதமன்று. 1940இலும் 1942இலும் அதே முறையில் வேறு மருந்துப்பொருள்கள் அக்கூடத்தில் கிடைத்திருந்தன. ஆசிரியருக்கு 10, மாணவருக்கு 3 என்ற பங்கீட்டைக்கூட நான் அநீதி என்று சொல்லத் துணியமாட்டேன். விழுக்காடு பேசித் தீர்க்கக்கூடியது. ஒருவர் கணக்கை அறிந்தும் மற்றவர் அறியாமலும் இடும் ஒப்பந்தத்தில் பேச்சுக்கே இடமில்லை. 'அவர்தான் மனமொப்பி ஒப்பமிட்டாரே' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பட்டத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் தம் கையில் வைத்திருக்கும் உஸ்தாத் தாளை நீட்டும்போது, எந்த மாணவர் நிறுத்திப் படிக்கிறார்?

மாறாக நடந்ததும் உண்டு. டொராண்டோவில் 1921இல் மருத்துவர் பேன்டிங்கோடு இன்சுலின் ஆய்வில் உழைத்த சார்லஸ் பெஸ்ட், 22 வயது மாணவர். காப்புரிமையைப் பேன்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அங்கும் அதே ஒரு டாலர்தான். ஆயினும் மறைவு இல்லை. 1923இல் நோபல் பரிசில் பெஸ்டின் பெயர் விடுபட்டபோது, பேன்டிங் தமக்கு வந்த பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

இன்று பல பல்கலைக்கழகங்கள் இதனை ஆசிரியரின் நற்குணத்துக்கு விட்டுவைப்பதில்லை. பங்கீட்டை முன்கூட்டியே எழுதி வைக்கின்றன. கண்டுபிடிப்பின் உரிமை பொருள்மதிப்புள்ளது, பாதுகாக்கத் தக்கது என்று 1988இல் குவைத்தில் கூடிய ஃபிக்ஹ் அறிஞர் பேரவையும் தீர்மானித்தது.

ஆனால் எந்த விதிப்புத்தகமும் எட்டாத சிறிய கூடங்கள் உண்டு. என் வகுப்பறை அவற்றில் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், அரபு வினைச்சொற்களின் திரிபுகளைத் தமிழ் ஒலிமுறைக்கேற்ப வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை அமைத்தார். மிக நேர்த்தியானது. அதை நான் படியெடுத்து ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வழங்கினேன். பின்னர் என் பெயரிட்ட சிறு நூலொன்றிலும் சேர்ந்தது. நூல் மூன்று பதிப்புகள் விற்றது. திரித்தல் இலக்கணத்தை அவருக்குக் கற்பித்தவன் நான்தானே என்று என் மனம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. வாக்ஸ்மனின் மனமும் இவ்வாறுதான் சொல்லியிருக்கும்.

அம்மாணவர் இப்போது வெளியூரில் துணிக்கடை வைத்திருக்கிறார். நான்காம் பதிப்பு அச்சுக்குச் செல்லுமுன், மூன்று பதிப்புகளின் கணக்கையும் எழுதி, அவருடைய பெயரை எவ்வாறு அச்சிட விரும்புகிறார் என்று கேட்டுக் கடிதம் அனுப்பியுள்ளேன். பதில் இன்னும் வரவில்லை.