நன்றியும் நடுவுநிலையும்

நாற்பத்திரண்டு வயது வாழ்க்கையில் முதுமையன்று. அலுவலகங்களில் அவ்வயதினரை நாம் இன்னும் வளர வேண்டியவர் என்றே எண்ணுகிறோம். ஆனால் ஆடுகளத்தில் அது அந்திப்பொழுது. அமெரிக்க மக்கள் தம் தேசிய ஆட்டமாகப் போற்றும் பேஸ்பாலில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நகரத்தில் ஒரு வழக்கு எழுகிறது. பல்லாண்டுகள் அணியைத் தாங்கிய மட்டை வீரர் ஒருவரின் கை தளர்கிறது. "இனியும் இவரை வைத்திருக்க வேண்டுமா?" என்பர் ஒரு சாரார். "இவரையா போகச் சொல்வது?" என்பர் மறு சாரார். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. முன்னர்ப் பெற்ற உதவி, இன்றைய கடமையை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்னும் அறக்கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு இவ்வாட்டத்தின் கணக்குச் சற்றுப் புதியது. பந்தை எறிபவரின் இடத்திலிருந்து அடிப்பவரின் இடம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் கண் காண வேண்டும்; மனம் துணிய வேண்டும்; கை சுழல வேண்டும். ஆகவே பத்து முறையில் மூன்று முறை வெற்றியாக அடிப்பவரே அங்குப் பெருவீரர். அந்த மூன்று இரண்டரையாகும்போது, 'தளர்ந்துவிட்டார்' என்ற பேச்சுப் பிறக்கிறது. ஆறு மாதம் நீளும் பருவத்தில் 500 முறை மட்டை பிடிப்பவருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு 25 அடிகள்தாம். ஏறத்தாழ வாரத்திற்கு ஒன்று! அந்த ஓர் அடி முதுமையால் தவறியதா, தற்செயலாய்த் தவறியதா என்று எவர் அறுதியிட்டுச் சொல்ல வல்லார்?

ஆயினும் 'போகட்டும்' என்பாரின் வாதத்தை எளிதில் ஒதுக்கலாகாது. அணியில் இடங்கள் 26 மட்டுமே. மூத்தவர் அமர்ந்திருக்கும் இடத்திற்காகக் கீழ்நிலை அணியில் ஓர் இளைஞன் காத்திருக்கிறான். அவனுடைய இளமையும் சில ஆண்டுகளே. மூத்தவருக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை அவனே கொடுக்கிறான். மூத்தவரின் ஊதியமோ, ஒப்பந்தப்படி, ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்குச் சேர்ந்தே தீரும். ஆதலால் 'இவ்வளவு கொடுக்கிறோமே, ஆடட்டும்' என்பதும் பொருந்தாது.

'இருக்கட்டும்' என்பாரின் வாதமும் வலிமை உடையதே. அணி என்பது வெற்றியை உற்பத்தி செய்யும் இயந்திரம் மட்டுமன்று. ஒரு நகரத்தின் நினைவுகளும் சேர்ந்ததே அணி. அன்று தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்த்த சிறுவன், இன்று தன் மகனை அழைத்து வந்து அதே வீரரைக் காட்டுகிறான். வென்று தந்த நாளில் 'நம்மவர்' என்று கொண்டாடிவிட்டுத் தளர்ந்த நாளில் 'சுமை' என்றால், முன்னர்ச் சொன்ன சொல்லும் பொய்யாகிவிடும் அல்லவா?

வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்து நடுவுநிலைமையை வைத்தார். நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்பதற்கே இவ்வைப்பு என்று பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். அமெரிக்க ரசிகர்களின் வழக்கு முழுவதும் இவ்விரண்டு அதிகாரங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. மூன்று வீரர்களின் அந்திக்காலத்தை நோக்குவோம். மூவரும் களத்திலிருந்து விடைபெற்ற வயது 42 என்பது ஒரு வியப்பு.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ், 1959ஆம் ஆண்டில் கழுத்து வலியோடு ஆடி, பத்துக்கு இரண்டரை என்னும் அளவிற்கு இறங்கினார். அணியின் உரிமையாளரே அவர் ஓய்வு பெறலாம் என்று கருதினார். வில்லியம்ஸ் இணங்கவில்லை. ஆனால் 1,25,000 டாலராக இருந்த தம் ஊதியத்தை 90,000 ஆகக் குறைக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். பழைய புகழுக்கு இன்று கூலி வாங்க அவர் உள்ளம் ஒப்பவில்லை எனலாம். 1960இல், பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிடும் 'ஹோம் ரன்' 29 அடித்தார். அவற்றுள் கடைசியானது, செப்டம்பர் 28 அன்று, அவர் வாழ்வில் கடைசியாக மட்டை பிடித்தபோது அடித்தது.

வில்லி மேஸின் கதை வேறு. அவர் 660 ஹோம் ரன் அடித்தவர். பந்தைத் துரத்திப் பிடிப்பதில் நிகரற்றவர். 1973 அக்டோபரில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் நின்றபோது, கண்கூசும் வெயிலில் பந்தைத் தவறவிட்டுத் தடுமாறி விழுந்தார். காலம் கடந்தும் களத்தில் நிற்பவருக்கு உவமையாக அக்காட்சியைச் சொல்வது அங்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே ஆட்டத்தின் 12ஆம் சுற்றில் அணியை முன்னிலைக்குக் கொணர்ந்த அடியும் அவருடையதே. அன்று அணி வென்றது. விழுந்ததை நினைவில் வைத்த உலகம், எழுந்து அடித்ததை மறந்தது!

ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2001 முதல் 2011 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் ஆடியவர். அக்காலத்தில் அணி இருமுறை உலகத் தொடரை வென்றது. பின்னர் ஏஞ்சல்ஸ் அணி ஏறத்தாழ 24 கோடி டாலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்து அவரை அழைத்துக்கொண்டது. கால் நோவும் வயதும் அவரைத் தேய்த்தன. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டான 2021இல், பத்துக்கு இரண்டு என்னும் நிலையில் இருந்த அவரை மே மாதத்தில் அணி விடுவித்தது. அவ்வாண்டின் எஞ்சிய நாள்களை டாட்ஜர்ஸ் அணியில் கழித்தார். 2022இல் கார்டினல்ஸ் தன் பழைய வீரரை மீண்டும் அழைத்தது. களத்தில் ஓடிப் பிடிக்காமல் மட்டை மட்டும் பிடிப்பவருக்கான தனியிடம், அவ்வணி ஆடும் பிரிவிலும் அவ்வாண்டு விதியாகியிருந்தது. இடக்கையால் எறிபவர்களை எதிர்கொள்ளவே அவரைப் பெரிதும் பயன்படுத்தினர். பருவத்தின் முற்பகுதியில் ஆறே ஹோம் ரன், பிற்பகுதியில் 18. செப்டம்பர் 23 அன்று 700ஐ எட்டிய நான்காம் வீரரானார். 703 என்ற எண்ணோடு விடைபெற்றார்.

'பொறுத்தார் வெல்வார்' என்று இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் பிழை. பிற்பகுதியிலும் அவர் தோற்றிருந்தால் கார்டினல்ஸ் செய்தது தவறாகிவிடுமா? விடுவித்த ஏஞ்சல்ஸ்தான் அநீதி இழைத்ததா? அங்கே மட்டைக்குரிய தனியிடத்தில் ஷோஹெய் ஓட்டானி என்னும் இளைஞர் நின்றிருந்தார். ஒரு முடிவின் அறத்தை விளைவைக் கொண்டு அளத்தல் முறையன்று. பழைய இருக்கையை அப்படியே விட்டுவைப்பது நன்றியாகாது. உண்மையை முகத்திற்கு நேரே சொல்லுதல், இன்றும் அவரால் இயலும் பணி எதுவெனத் தேடுதல், அது இல்லையெனில் பெருமையோடு விடைகொடுத்தல் ஆகியவையே நன்றி. யாருக்கு எந்த இடம் என்பதை நடுவுநிலை தீர்மானிக்கட்டும். அதை எவ்விதம் செய்வது என்பதை நன்றி தீர்மானிக்கட்டும். அப்போது இரண்டிற்கும் பகை இல்லை.

ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இது தொலைதூர வழக்கன்று. பணி ஓய்வுக்குப் பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு நம்மோடு வந்து தங்கும் தந்தையை நினைத்துப் பார்ப்போம். அங்கே பலரும் யோசனை கேட்டு வாயிலில் நின்ற மனிதர் அவர். இங்கே, மொழி புரியாத தெருவில் பால் வாங்கி வரும் வேலையைக்கூட, "உங்களுக்கு எதற்கப்பா சிரமம்?" என்று வாங்கிக்கொள்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆயினும் அவரை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடுகிறோம். அவர் கை நடுங்கும்போது வங்கிக் கணக்கை நாம் ஏற்றுக்கொள்வது தவறன்று. அதை அவரிடம் சொல்லத் தயங்கி, அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் பேசுவதே தவறு. நாம் தீர்ப்பளிக்கும் இந்த வழக்கில் நம் பிள்ளைகளும் பார்வையாளர்களாய் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக.