தாமதமாக வருகிறவர்களின் பங்கு

செவ்வாய் என்றால் அந்தோனியார் நவநாள், புதன் என்றால் சகாயமாதா, முதல் வெள்ளி வந்தால் நற்கருணை ஆராதனை, தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை, சனி மாலை மாதாவுக்கு, ஞாயிறு காலை பூசையும் அது முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும். இடையிடையே மரியாயின் சேனைக் கூட்டம், வின்சென்ட் தே பவுல் சபையாரின் வீடு சந்திப்பு, பாடகர் குழுவின் பயிற்சி. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் வளர்ந்த எவருக்கும் இந்த வரிசை மனப்பாடம். பங்குக்குப் பங்கு கிழமை முன்பின் மாறும், அவ்வளவுதான். ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இதோடு இன்னொரு கால அட்டவணையும் ஓடுகிறது. காலையில் கிராமத்து முக்கில் வந்து நிற்கும் கம்பெனி பஸ், டேனரியின் ஷிப்டு, ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரங்களில் நீளும் ஓ.டி., மூட்டையில் வீட்டுக்கு வந்து சொன்ன நாளில் திரும்பிப் போக வேண்டிய தையல் வேலை. இரண்டு அட்டவணையும் முட்டிக்கொள்ளும்போது எது வழிவிட வேண்டும்? கோவில் மணி அடிக்கிற நேரத்துக்கு விசுவாசி வந்து சேரட்டும் என்பது நமக்குப் பழகிய பதில். கடைசியாக வரக்கூடியவர் எப்போது வருவார் என்று பார்த்துத்தான் மணியே அடிக்க வேண்டும் என்பது என் பதில். இதை நிர்வாக வசதி பற்றிய யோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நற்கருணையைச் சுற்றிக் கூடுகிறவர்கள் எதனால் ஒரு சமூகமாகிறார்கள் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

பங்கின் வாரம் இப்படி அமைந்ததற்கு வரலாறு உண்டு. வட ஆற்காட்டில் கத்தோலிக்க விசுவாசம் பெரும்பாலும் ஏர் ஓடிய ஊர்களில்தான் வேர்பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தாராஸ் சாமியார் சேத்துப்பட்டை மையமாக வைத்து உழைத்தபோது அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். 1952 நவம்பரில் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து வேலூர் மறைமாவட்டம் உருவானது. சலேசிய சபையார் அதன் பொறுப்பை ஏற்றார்கள். திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலும், காட்பாடியில் ஆக்சிலியம் கல்லூரி 1954இலும் எழுந்தன. பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புகிற உழவுக் குடும்பங்களுக்கு மாலை ஆறு மணி செபமாலை இயல்பாகப் பொருந்தியது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏர் பிடிப்பதில்லை. பலர் டேனரியில் டிரம் பக்கம் நிற்கிறார்கள், இன்னும் பலர், குறிப்பாகப் பெண்கள், ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி மட்டும் தாத்தா காலத்து நேரத்திலேயே அடிக்கிறது. ஆம்பூரில் கிறிஸ்தவம் என்றதும் நினைவுக்கு வருவது லுத்தரன் திருச்சபையும் அதன் பெதஸ்தா மருத்துவமனையும்தான்; கத்தோலிக்கர் அங்கே சிறு கூட்டம். சிறு கூட்டத்தில் நாலு பேர் வராவிட்டாலும் வெறுமை கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு நாம் சொல்லும் காரணம் பெரும்பாலும் பக்தி குறைந்துவிட்டது என்பதே.

பக்திக் குறைவுதானா என்று பார்க்க, வீட்டில் இருந்தபடியே ஷூ தைக்கும் ஒரு பெண்ணின் மாலையை எடுத்துக்கொள்ளலாம். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வேலை சாதாரணம். ஷூவின் மேல்பாகமான அப்பர், ஓரத்தில் துளை போட்டு, ஏஜெண்ட் மூலம் மூட்டையாக வரும். துளைக்குத் துளை ஊசியைக் கோத்து நூலை இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் ஜோடி திரும்பி வரும். நூல் அறுக்காமல் இருக்க விரலில் துணி சுற்றியிருக்கும். கூலி ஜோடிக் கணக்கு. எழுந்து போன ஒவ்வொரு அரை மணியும் கூலியில் குறையும். தொழிற்சாலைக்குள் வேலை செய்பவருக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வரம்பும் ஒரு நாள் விடுமுறையும் தந்தது. இந்தப் பெண்ணின் வாசலுக்குள் அந்தச் சட்டம் வரவேயில்லை. மாலை ஆறு மணி நவநாளுக்கு இவர் வரவில்லை என்றால் விசுவாசம் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? ஊசியைக் குத்தும்போதே அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருக்கக்கூடியவர் இவர்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. கி.பி. 50களின் நடுவில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. அங்கே ஆண்டவரின் விருந்து முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. சிலர் முன்பே உட்கார்ந்து தங்கள் உணவைத் தின்று, குடித்து வெறித்தும் இருந்தார்கள். சிலர் பசியோடு நின்றார்கள். பசியோடு நின்றவர்கள் யார்? கையில் ஒன்றும் இல்லாதவர்கள் என்று பவுலே சொல்கிறார். எசமானின் வேலை முடியாமல் கிளம்ப முடியாத அடிமைகளும் கூலிக்காரர்களும் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. பவுலின் தீர்ப்பு கடுமையானது: நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை. அப்பம் இருந்தது, கிண்ணம் இருந்தது, செபமும் இருந்திருக்கும். குறை எங்கே என்றால், வர வேண்டியவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். நீண்ட இறையியல் விளக்கத்துக்குப் பிறகு அவர் சொல்லும் நடைமுறை வழி, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதுதான். நற்கருணை பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய எழுத்தே கடிகாரத்தை நீதியின் விஷயமாகப் பார்க்கிறது. இதற்கு மேல் வலுவான சான்று எனக்குத் தேவையில்லை.

ஆனாலும் இந்த வட்டாரத்துக்கென்றே எழுதியதுபோல் இன்னொரு பகுதி திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். அக்கால யூதச் சமூகம் அந்தத் தொழிலை நாற்றத்துக்காகவும் தீட்டுக்காகவும் ஒதுக்கி வைத்தது. டேனரி ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று மிஷ்னா சட்டம் சொல்கிறது. சீமோன் வீடு கடலோரத்தில் இருந்தது என்ற குறிப்பும் சும்மா வரவில்லை. அந்த வீட்டு மாடியில், கீழே சமையல் நடந்துகொண்டிருக்க, பசியோடு இருந்த பேதுருவுக்குத்தான் கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற காட்சி கிடைத்தது. திருச்சபை தன் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்த முடிவு ஒரு தோல் தொழிலாளியின் மாடியில் தொடங்கியது. அங்கே போய்த் தங்கியவர் பேதுருதான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பூசையின் நேரம் புனிதமானது, தொழிலுக்காக அதை வளைக்கக் கூடாது என்று ஒரு தடை எழும். நியாயமான பயம்தான். வசதி பார்த்தே வழிபடப் பழகியவர் ஒருநாள் வசதியையே வழிபடத் தொடங்கிவிடுவார். ஆனால் நேரம் பற்றித் திருச்சபை உண்மையில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நெடுங்காலம் பூசை காலையில் மட்டுமே. நன்மை வாங்குபவர் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். 1953 ஜனவரி 6இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தப் பழைய ஒழுங்கைத் தளர்த்தி, ஆயரின் அனுமதியோடு மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில், ஆலைகளில் இரவும் பகலும் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் தொழிலாளரின் நிலையும் ஒன்று. வேலூர் மறைமாவட்டத்துக்கு அப்போது வயது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1957இல் உபவாசம் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. ஆகவே இன்று நாம் போகும் மாலைப் பூசை எதுவாக இருந்தாலும் அதில் ஒரு தொழிலாளியின் களைப்புக்குப் பங்குண்டு. உழைப்பவருக்காக நேரத்தை மாற்றுவது மரபுக்கு எதிரானது என்று சொல்பவர், அந்த மரபின் அண்மைக் கால வரலாற்றை விட்டுவிட்டுப் பேசுகிறார்.

மனமிருந்தால் நேரம் கிடைக்கும் என்பார்கள் வேறு சிலர். இந்த வட்டாரத்துத் தலித் கத்தோலிக்கர் விஷயத்தில் அந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறந்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதற்கே விலை கொடுத்திருப்பவரிடம் மனமிருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். அது வானத்திலிருந்து விழுந்த விடுமுறை இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி 1890இல் பெற்றது. மறு ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை வந்தது. அதே 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் விதியும் பூசைக் கடமையோடு ஓய்வையும் சேர்த்தே சொல்கிறது. நாமோ பூசைக்குப் பிறகு மறைக்கல்வி ஆசிரியர் கூட்டம், இளையோர் கூட்டம், திருவிழாக் குழுக் கூட்டம் என்று அந்த நாளை நிரப்பிவிடுகிறோம். ஆறு நாள் கம்பெனிக்குப் போனவருக்குத் துணி துவைக்கவும் பிள்ளையின் தலை வாரவும் சற்றுப் படுக்கவும் கிடைக்கும் ஒரே நாள் அது. அந்த ஓய்வைப் பறிக்கும் பங்கு, ஞாயிற்றைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இவற்றைவிட ஆழமான ஒரு மறுப்பு உண்டு. நேரத்தை வளைத்துக் கொடுப்பதன் மூலம் திருச்சபை சுரண்டலுக்குத் துணை போகிறதே, ஓ.டி. நீண்டால் பூசையை நகர்த்துவதா, ஓ.டி.யைக் கேள்வி கேட்பதா? இதை நான் எளிதில் தள்ள மாட்டேன். 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் டேனரிகள் மீது நிலைநாட்டியது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30இலும் பாலாற்றின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பங்கு நேர மாற்றத்தோடு நின்றுவிட்டால் அது குறைதான். ஆனால் கேள்வி கேட்பவருக்கு முதலில் விவரம் தெரிய வேண்டும். ஜோடிக்கு என்ன கூலி, எந்தக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது, யார் கையில் தோல் உரிகிறது, எந்தப் பெண் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய சம்பளத்தை இழக்கிறார் என்பதெல்லாம் ஆறு மணிக்கு வரக்கூடியவர்களை மட்டும் பார்க்கும் பங்குக்குத் தெரியவே தெரியாது. பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்தித்து அவர்களின் கவலைகளில் பங்குகொள்ள வேண்டும் என்று 529ஆம் விதி கேட்பது இதனால்தான். காத்திருக்கிற பங்குக்குத்தான் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தெரியும். அது தெரிந்த பிறகு மேடையில் பேசினாலும் மனு எழுதினாலும் அதில் கனம் இருக்கும்.

குருக்கள் குறைவு, கிளைப்பங்குகள் அதிகம், ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பூசை எப்படி வைப்பது என்பது நடைமுறைக் கேள்வி. வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். சமூகம் துண்டு துண்டாகிவிடும். சனி மாலை ஒரு பூசையும் ஞாயிறு ஒரு பூசையும் போதும். வார நாட்களின் பாரத்தை அன்பியம் தாங்கலாம். பத்திருபது குடும்பங்கள் ஒரு தெருவில், இரவு எட்டரைக்கு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவதற்குக் குரு தேவையில்லை. ஸ்டூலில் வெள்ளைத் துணி, அதன் மேல் சுரூபமும் மெழுகுவர்த்தியும், எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும் நற்செய்தி, பிறகு அந்த வாரத்தில் நடந்ததைப் பற்றிய பேச்சு. தையல் மூட்டை சுவரோரம் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கோவிலில் பேசாத பெண்கள் இங்கே பேசுகிறார்கள். அன்பியத்தைப் பூசைக்கு அடுத்தபடியான சிறு பக்தி முயற்சியாகப் பார்ப்பது தவறு என்றே நினைக்கிறேன். கொரிந்தில் பவுல் கேட்ட காத்திருத்தல், இந்த வட்டாரத்தில் வாரநாளில் நிறைவேறக்கூடிய இடம் அதுதான்.

ஒரு இடர்ப்பாடு மட்டும் மிச்சம் இருக்கிறது. நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பங்குப்பேரவையில் உட்காரக் கூடியவர்கள் பெரும்பாலும் மாலைப் பொழுது தங்கள் கையில் இருப்பவர்கள்: ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே அவர்கள் தங்களுக்கு ஒத்துவரும் நேரத்தை எல்லாருக்கும் ஒத்துவரும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொரிந்தில் முதலில் வந்து உட்கார்ந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் ஒருவரும், டேனரித் தொழிலாளி ஒருவரும், வீட்டில் தைப்பவர் ஒருவரும் பேரவையில் இடம்பெற வேண்டும். பேரவை எந்த நாள், எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்று அந்த மூவரிடம் முதலில் கேட்டுவிட்டு மற்றவர்கள் தங்கள் நாட்குறிப்பைத் திறக்கட்டும்.