மீட்புப் பணத்துக்கு ஓர் எல்லை

2022 ஜனவரியில், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், க்யூநாப் நிறுவனத்தின் கோப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்குள் இணையம் வழியாகப் புகுந்தது. லாகின் பக்கம் வர வேண்டிய இடத்தில் மிரட்டல் வந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ‘.டெட்போல்ட்’ ஒட்டிக்கொண்டது. கேட்ட தொகை 0.03 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 1,100 டாலர். இறந்துபோன தந்தையின் குரல் அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கிறது என்றால், பணம் கொடுத்து மீட்பது அறமா?

இந்தக் கேள்வியை யூத மரபு மனித உயிரை வைத்தே எதிர்கொண்டது. சிறைப்பட்டவரை மீட்பதை, ஏழைக்குச் சோறிடுவதற்கும் மேலான கடமையாக இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் வைத்தார். ஆனாலும் உரிய மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்கக் கூடாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வரம்பு கட்டியது. சமூகத்தின் மேல் விழும் சுமை ஒரு காரணம். பணம் கண்ட கொள்ளையர் மேலும் பலரைப் பிடிப்பார்கள் என்பது இன்னொன்று. 1286இல் சிறைப்பட்ட ரோதன்பர்க் ராபி மெயிர், தமக்காகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம் என்று தடுத்ததாக மரபு சொல்கிறது. 1293இல் சிறையிலேயே இறந்தார். இன்னும் பிடிபடாதவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே இந்த வரம்பின் பொருள். உயிருக்கே வரம்பு உண்டென்றால் கோப்புகளுக்கும் உண்டு.

தன்னைத் தானே மீட்டுக்கொள்பவர் எவ்வளவும் கொடுக்கலாம் என்று அதே மரபு விலக்கு அளித்திருக்கிறதே, என் பணத்தை என் நினைவுகளுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். அந்த விலக்கு தன் உயிரையே மீட்பவருக்கானது. நினைவுகள் எவ்வளவு அருமையானவை என்றாலும் அவை உயிர் அல்ல. தொகை சிறியதுதானே என்ற வாதமும் நிற்காது. ஆயிரம் வீடுகள் தயங்காமல் கொடுக்கும் அளவுக்குச் சிறிதாக வைப்பதில்தான் இந்தத் தொழிலின் லாபமே இருக்கிறது. அதற்காக, துயரத்தில் பணம் கட்டிவிட்டவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. குற்றம் முழுக்கக் கொள்ளையருடையது.

அப்படியானால் பணம் தர மறுப்பவர் தந்தையின் குரலைக் கைவிட வேண்டுமா? 2022 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறை டெட்போல்ட் கும்பலுக்குப் பிட்காயின் அனுப்பி, பூட்டைத் திறக்கும் சாவி கைக்கு வந்ததும், பரிமாற்றம் உறுதியாவதற்குள் பணத்தைத் திரும்பப் பெற்றது. இப்படி 155 சாவிகள் கிடைத்தன. தனி வீட்டால் முடியாததைச் சமூகம் செய்தது. ஆகவே பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல், மிரட்டல் பக்கத்தோடு சேர்த்துத் தனி வட்டில் எடுத்துவைப்பது நம்பிக்கைக்கு இடம் விடும் செயல். பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்து, ரூட்டரில் திறந்து கிடக்கும் போர்ட்டை மூடி, மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொற்களை மாற்றிய பிறகுதான் அது மறுபடி நம் வசமாகும். சாவியை மட்டும் வாங்கியவருக்குக் கோப்பு கிடைக்கலாம். கதவு திறந்தேதான் கிடக்கும். வேறோர் இடத்தில் இன்னொரு பேக்கப் வைத்திருப்பதும் இதே அறத்தின் பகுதி: நம்மிடம் பேரம் பேச ஒன்றுமில்லை என்று கொள்ளையருக்கு ஆகும்போது, அடுத்த வீட்டையும் சேர்த்தே காக்கிறோம்.